மூன்று மஞ்சள் கம்பிகள்

மொகோட்லொங் போகும் வழியில், கணவாய்க்குச் சற்றுக் கீழே,
முகப்பு விளக்கு பழுத்தது.
பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஓர் இலை எடுத்துக்கொள்ளும் வாரங்களை
நான்கே வளைவுகளில் முடித்துக்கொண்டது.
அப்புறம் ஹார்னுக்குத் தொண்டை கட்டியது.
அப்புறம் வண்டி நின்றது.

பின்பெட்டியில், பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே,
பத்தொன்பது சளிக் குப்பிகள், ஆறு ரத்தக் குழாய்கள்.
காலை எட்டுக்குள் ஆய்வகம் சேராவிட்டால்
அத்தனை பேரும் மறுபடி இரும வேண்டும், மறுபடி கை நீட்ட வேண்டும்.

இந்த வருடம் இது மூன்றாவது பேட்டரி.
முதலாவது செத்தபோது குளிர் என்றேன்.
இரண்டாவதற்கு, மட்டமான சரக்கு என்று
கடைக்காரன் செகொன்யானாவோடு சண்டை போட்டேன்.
"லினெயோ, பட்டினியில் செத்தவனை உலுக்கி
ஏன் செத்தாய் என்கிறாயே,
சோறு போடவேண்டியவன் எங்கே என்று பார்த்தாயா?"
காசைத் திருப்பித் தராமலிருக்க
எவ்வளவு அழகான சாக்கு என்று நினைத்துக்கொண்டு
மூன்றாவதையும் அவனிடமே வாங்கினேன்.

ஆட்டுப்பட்டியிலிருந்து மொஹாபி வந்தான்.
போர்வைக்குள் போர்வை, கையில் டார்ச்.
பிடி என்றேன். பிடித்தான்.
அவன் நாய் மட்டும் என்னை நம்பவில்லை.

மீட்டரை வைத்தேன். பதினொன்று புள்ளி எட்டு.
விளக்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டு உதைத்தேன்,
ஏழாவது உதையில் இருமிக்கொண்டே எழுந்தது.
ஆக்சிலேட்டரை முறுக்கினேன். இன்ஜின் கத்தக் கத்த
எண் பதினாலை நோக்கி ஏற வேண்டும்.
பதினொன்று புள்ளி ஏழு.
"இறங்குதே" என்றான் மொஹாபி.
மின்சாரமே இல்லாத வீட்டுப் பையனுக்குத் தெரிந்தது
மூன்று பேட்டரி வாங்கியவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகளைப் பிரித்து
மறுபடி உதைத்து, இரண்டிரண்டாகத் தொட்டேன்.
முதலும் இரண்டும்: ஐம்பத்தெட்டு.
இரண்டும் மூன்றும்: ஐம்பத்தெட்டு.
முதலும் மூன்றும்
(விரல் மரத்துவிட்டது, முனை நழுவியது, கெட்ட வார்த்தை சொன்னேன், நாய் எழுந்தது)
ஐம்பத்தெட்டு.
அணைத்துவிட்டுப் பார்த்தேன், உடம்புக்கு ஒழுக்கும் இல்லை.
அடுப்பு எரிகிறது, சோறு வெந்திருக்கிறது,
பந்திக்கு வரும் வழியில் யாரோ தின்கிறார்கள்.

என் இடது கையில்தான் இருந்தது அந்தப் பிளாஸ்டிக் கவ்வி.
வெள்ளையாகப் பிறந்தது. இப்போது ஒரு மூலையில்
அடிபிடித்த பாலின் நிறம்.
மூன்று கால்களில் ஒன்று கறுத்து, உருகி, ஒட்டிக்கிடந்தது.
வாரம் இரண்டு முறை செங்கு ஆற்றில்
முழங்கால் தண்ணீரில் இதை இறக்கியவள் நான்.
சூடேற்றும் கைப்பிடியைக் கோடையிலும் அணைக்காதவள் நான்.
செகொன்யானாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்;
கேட்கமாட்டேன், அது வேறு.

கவ்வியை அறுத்தெறிந்தேன்.
மஞ்சளுக்கு மஞ்சள், எதோடு எதுவும் சேரலாம்,
இவற்றுக்குள் மூத்தது இளையது இல்லை.
முறுக்குகள் ஒன்றையொன்று தொடாதபடி
முன்பின்னாகத் தள்ளி டேப் சுற்றினேன்.
உதைத்தேன்.
பன்னிரண்டு. பன்னிரண்டரை. மூச்சு விடாதே என்றேன் மொஹாபியிடம்.
பதின்மூன்று புள்ளி ஆறு.
பதினாலு புள்ளி ஒன்று.

எட்டுக்குப் பதினொரு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தேன்.

பிறகு ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். எர்த் போல்ட்டின் அடியில்
பெயின்ட் சுரண்டி, பளபளக்க வைத்து, கிரீஸ் பூசினேன்.
ரெக்டிஃபையரைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றினேன்.
திங்கள்தோறும் மீட்டர் வைத்து
வேறு தாள் கையில் இல்லாததால்
மாதிரிப் பதிவேட்டின் ஓரத்திலேயே எழுதிவைக்கிறேன்.

போன வாரம் ஆய்வகத்தில் கௌஹெலோ
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள்:
"இந்த பதினாலு புள்ளி ஒன்று யாருடைய ஹீமோகுளோபின்?
ஜூனில் பதினொன்று புள்ளி ஏழாக இருந்திருக்கிறதே,
என்ன மாத்திரை கொடுத்தார்கள்?"
என் வண்டியுடையது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அதற்கும் ஒரு பார்கோடு ஒட்டினாள்.